செம்பாசி எண்ணெய்

திரையில் அந்தக் கோடு எழும்பத் தொடங்கியபோது நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஆய்வகத்துக்குள் டீ குடிக்கக் கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியவளே நான்தான். விடுமுறை நாள், கேட்க ஆளில்லை. கோடு எழும்பியது, இன்னும் எழும்பியது, திரையின் மேல் விளிம்பில் முட்டி, அதற்கு மேல் போக இடமில்லாமல் தட்டையாக நின்றது. டம்ளரை எங்கே வைத்தேன் என்று இப்போதும் எனக்கு நினைவில்லை.

நான் மெஷினுக்குக் கொடுத்திருந்த கடல் பாசியில் அந்த விஷப் பொருள் துளிகூட இல்லை என்று போன வாரமே எங்கள் ஆய்வகம் எழுதிக் கொடுத்தாயிற்று. அதை நம்பித்தான், அந்தப் பாசி ஊறிய எண்ணெயை வேலை செய்பவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்றார்கள். ஒரு டின் எங்கள் வீட்டுச் சமையலறையில் இருக்கிறது. இன்றைக்கு மத்தியானம் உருளைக்கிழங்கு வறுத்துத் தருவதாக என் மகளிடம் என் நாத்தனார் சொல்லியிருந்தார். அவர் சொன்னால் செய்துவிடுவார்.

எங்கள் தொழிலைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னால்தான் என் பயம் உங்களுக்குப் புரியும். மாடு விடும் ஏப்பத்தில் ஒரு வாயு இருக்கிறது, அது உலகத்தைச் சூடாக்குகிறது. கடலில் வளரும் ஒரு வகைச் சிவப்புப் பாசியைத் தீவனத்தில் துளி சேர்த்தால் அந்த ஏப்பம் அடங்கிவிடுகிறது. சிரிப்பவர்கள் சிரிக்கலாம், அந்த ஏப்பம்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. பாசியைச் சமையல் எண்ணெயில் ஊறப்போட்டு, வடிகட்டி, அதே டின்களில் திரும்ப ஊற்றி வைப்போம். ஒரே எண்ணெயில் புதுப் பாசியைத் திரும்பத் திரும்பப் போட்டு ஊற வைப்பதால் அது படு கனமான சரக்கு. மாட்டுப் பண்ணைக்குப் போகும் முன் சாதா எண்ணெய் கலந்து நூறு மடங்கு இளக்குவார்கள். இளக்கிய பிறகும் ஒரு மாட்டுக்கு ஒரு கரண்டிதான் கணக்கு.

அந்த எண்ணெயின் சத்து புரோமோஃபார்ம் என்ற பொருள். கடல் தண்ணீரில் இருக்கும் புரோமினை எடுத்து, மீன் வந்து தன்னைக் கடித்துவிடாமல் இருக்க, பாசி தானே தனக்குச் செய்துகொள்ளும் விஷம் அது. ஈயம், காட்மியம், ஆர்சனிக் மாதிரி உலோகங்கள் வேறு கதை. அவை கடலில் எங்கிருந்தோ வந்து பாசிக்குள் சேர்பவை. எங்கள் ஆய்வகத்தின் வேலை இரண்டையும் அளப்பது. உலோகம் அளவு மீறக் கூடாது, புரோமோஃபார்ம் குறையக் கூடாது.

எங்கள் தலைவரை நாங்கள் முதுகுக்குப் பின்னால் ஈயம் என்போம். ஆள் மோசமில்லை. முப்பது வருடம் உலோகம் மட்டுமே அளந்து நரைத்தவர். உலோகத்தை அளக்க முதல் வேலை, பாசியை ஓவனில் வைத்து மொறுமொறுவென்று காயவிடுவது. "உலோகம் எங்கேயும் ஓடிப் போகாதும்மா" என்பார். நூறு டிகிரியில் ஒரு நாள் முழுக்க வைத்தாலும் ஈயம் ஈயமாகவே இருக்கும். புரோமோஃபார்ம் அப்படியில்லை, சூடு கண்டால் பறந்துவிடும். அதனால் அதை அளக்க வேண்டிய பாசியை ஃப்ரீஸரில் உறைந்தபடியே எடுத்து, காற்றுப் படாமல் மெஷினுக்குக் கொடுக்க வேண்டும். அது என் வேலை. போன வாரம் மகளுக்குக் காய்ச்சல் என்று நான் விடுப்பில் இருந்தேன், ஈயமே எல்லாம் செய்தார்.

நான் ஓவனைத் திறந்து பார்த்தேன். போன வாரத்துத் தட்டு இன்னும் உள்ளேயே இருந்தது. அதில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இரண்டு கண்ணாடிக் கிண்ணங்கள். இரண்டிலும் பாசி தீய்ந்த நூலாகச் சுருண்டு கிடந்தது. ஒன்றின் மூடியில் அவர் கையெழுத்தில் 'உலோகம்' என்றிருந்தது. மற்றதில் 'புரோமோ' என்றிருந்தது. கை பழகிய பழக்கத்தில் மனுஷன் இரண்டையும் சேர்த்துக் காயவைத்திருக்கிறார். காய்ந்த பாசியில் ஒன்றுமில்லை என்று மெஷின் சொன்னது பொய்யில்லை. இருந்ததெல்லாம் ஓவன் குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போயிருக்கிறது.

இன்று நான் அந்தப் பாசியை எடுத்ததே தற்செயல். மெஷினுக்குப் புதுக் குழாய் மாட்டியிருந்தோம். அது சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க ஒன்றுமில்லாத சரக்கு வேண்டும். ஒன்றுமில்லை என்று எழுதப்பட்டிருந்த தொகுதியின் பையை ஃப்ரீஸரிலிருந்து எடுத்தேன், அவ்வளவுதான்.

போன வாரத்து அறிக்கையைப் பார்த்துவிட்டு முதலாளி குதித்தார். நாற்றுப் பாசி கொடுத்தவன் வேறு ஏதோ பாசியைத் தலையில் கட்டிவிட்டான், மாட்டுக்கு இந்த எண்ணெய் உதவாது, கொட்டுங்கள் என்றார். நல்ல எண்ணெயைக் கொட்டுவதா என்று ஸ்டோர்காரருக்கு மனசு கேட்கவில்லை. மனுஷர் சாப்பிடலாமா என்று ஈயத்திடம் கேட்டார். உலோகம் அளவுக்குள் இருக்கிறது, மற்றது இல்லவே இல்லை, தாராளமாகச் சாப்பிடலாம் என்றார் இவர். கம்பெனி லாரி ஓட்டும் என் கணவர் நேற்று சாயங்காலம் ஒரு டின்னைத் தோளில் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். முகத்தில் அப்படி ஒரு வெற்றி. கொஞ்சம் கடல் வாடை அடிக்கிறது என்று மட்டும் தன் அக்காவிடம் சொன்னார். நல்லாக் காயவிட்டால் வாடை போய்விடும் என்று அக்கா சொன்னார்.

நாத்தனாரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். என் கணவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்று எங்களோடு இருக்கிறார். நான் அவரை அண்ணி என்பேன், அவர் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டார். சண்டை போடவே மாட்டார். நாம் சொன்னதைச் சொன்னபடி, ஒரு இம்மி பிசகாமல் செய்துவிடுவார், அதுதான் அவருடைய சண்டை. காபியில் சர்க்கரை தூக்கல் என்று ஒரு தடவை சொன்னேன். அன்றிலிருந்து எனக்குச் சர்க்கரையே போடாத காபிதான்.

இன்று காலையிலும் ஒன்று நடந்தது. என் வெள்ளைக் கோட்டைத் துவைத்துக் கூடத்தில் காயப்போட்டிருந்தேன். எடுத்துப் போட்டால் முழுக்கப் பொரித்த எண்ணெய் வாடை. வாசனையை வைத்துப் பிழைக்கிறவள் நான், ஆய்வகத்தில் எல்லோரும் என்ன சமையல் என்று கேட்கிறார்கள் என்று கத்திவிட்டேன். அவர் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் சொன்னார்.

"சரி. இனிமே உன் கோட்டுக்கு வாடை வராது."

அதற்கும் நான் வெடுக்கென்று ஏதோ சொல்லிவிட்டு, அதைக் கொடியிலேயே திரும்பப் போட்டு, இன்னொரு கோட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது அவருக்குப் போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். என் பெயரைப் பார்த்துவிட்டு வீம்புக்கு எடுக்காமல் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது அந்த நேரத்தில் ஆறுதலாகத்தான் இருந்தது. கணவருக்கு அடித்தேன். அவர் வெளியூர் லோடு, வண்டி ஓட்டும்போது போனை அணைத்து வைத்துவிடுகிற ஒழுக்கமான டிரைவர். ஊரில் இருக்கிற அத்தனை டிரைவர்களிலும் எனக்கு இவர்தானா வாய்க்க வேண்டும்? பக்கத்து வீட்டுக்காரர்களின் நம்பரை, இத்தனை வருடம் ஒரே கட்டடத்தில் இருந்தும், வாங்கி வைக்காத புத்திசாலி நான்.

எனக்குப் பயம் வந்தால் உடனே யார் மேலாவது கோபம் வந்துவிடும். கோபம் வந்துவிட்டால் பயம் தெரியாது. இத்தனை வருடம் அப்படித்தான் ஓட்டியிருக்கிறேன். அன்றைக்குக் கோபம் கொஞ்ச நேரம்கூட நிற்கவில்லை. ஈயத்தின் நம்பரை இரண்டு தடவை தப்பாக அழுத்தினேன்.

அவர் வீட்டில் ஏதோ கிரிக்கெட் சத்தம். நான் சொன்னதை முதலில் நம்பவில்லை, குழாயில் பழைய சரக்கு ஒட்டியிருக்கும் என்றார். ஓவனில் இரண்டு கிண்ணம் இருக்கிறது என்றேன். கிரிக்கெட் சத்தம் நின்றது. எங்கள் வீட்டில் ஒரு டின் இருக்கிறது, இன்றைக்கு என் பிள்ளைக்கு அதில்தான் வறுக்கிறார்கள் என்று சொன்னேன்.

"குழந்தை என்ன எடை இருக்கும்மா?" என்றார்.

எடையைக் கேட்டால் அவர் கணக்குப் போடுகிறார் என்று அர்த்தம். சொன்னேன். நான் யோசித்துக் கூப்பிடுகிறேன், நீ கிளம்பு, டின் வாங்கின மற்றவர்களுக்கெல்லாம் நானும் ஸ்டோர்காரரும் போன் போடுகிறோம் என்றார். கோட்டைக்கூடக் கழற்றாமல் ரோட்டுக்கு ஓடினேன்.

விடுமுறை நாளில் வாடகைக் கார் கிடைப்பதற்குள் உயிர் போய்விட்டது. கிடைத்த கார்க்காரர் பெரியவர், நிதானம் என்றால் அப்படி ஒரு நிதானம். குழந்தைக்கு ஆபத்து என்றேன். அதற்குப் பிறகு வண்டி பறந்தது. நான் போனை அடித்துக்கொண்டே இருந்தேன். அடித்து, காத்திருந்து, அறுந்து, மறுபடி அடித்து.

என் மகள் ஒல்லி. எதைக் கொடுத்தாலும் தட்டில் கோலம் போட்டுவிட்டு எழுந்துவிடுவாள். வறுத்த கிழங்கு ஒன்றைத்தான் இன்னும் வேண்டும் என்று கேட்டுச் சாப்பிடுவாள். அண்ணி அவளுக்கென்று மெல்லிசாகச் சீவி, முறுகலாக எடுத்து, சூடு ஆற ஊதி ஊதிக் கொடுப்பார். மெல்லிசாகச் சீவினால் எண்ணெய் அதிகம் குடிக்கும். நல்லது என்று நினைத்ததெல்லாம் அன்றைக்கு என்னைப் பயமுறுத்தியது. கல்லீரல், சிறுநீரகம், மயக்கம் என்று அந்தப் பொருளைப் பற்றிப் பாதுகாப்புப் பயிற்சியில் நானே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. ஜன்னலுக்கு வெளியே பலூன் விற்பவர் ஒருவர் சிக்னலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மேம்பாலத்தில் ஏறும்போது ஈயம் கூப்பிட்டார். அவசரமாகப் பேசினார்.

"பயப்படாதம்மா. அது நூத்தம்பது டிகிரியில கொதிச்சுப் போயிடும். பொரிக்கிற எண்ணெய் அதுக்கும் மேல காயும். கிழங்கு போடறதுக்குள்ள எல்லாம் போயிருக்கும். நம்ம ஓவன்ல ஆச்சே, அதே மாதிரிதான். பொரிச்சதுல ஒண்ணும் மிஞ்சாது."

அழுகை வந்துவிட்டது. வாய்விட்டே அழுதேன். கார்க்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஒரு தண்ணீர் பாட்டிலைப் பின்னால் நீட்டினார். குடித்தேன், பாதி கழுத்தில் வழிந்தது. அண்ணி எண்ணெயை லேசாகக் காயவைக்கிற ஆளில்லை. கடல் வாடை போக வேண்டும் என்று நன்றாக, புகை வருகிற அளவுக்குக் காயவைத்திருப்பார். அவருடைய அந்தப் பிடிவாதத்துக்குக் கோயில் கட்டலாம் என்று தோன்றியது. மகள் பிழைத்தாள். வீட்டுக்குப் போனதும் டின்னைத் தூக்கிக் கணவர் தலையில் கவிழ்க்க வேண்டும் என்று திட்டம்கூடப் போட்டேன். மூக்கைச் சிந்தினேன். எனக்குச் சிரிப்பும் வந்தது.

பாலம் இறங்குவதற்குள் அந்தச் சிரிப்பு போய்விட்டது. ஓவனில் இருந்தது கூரைக்கு மேலே போனது, ஏனென்றால் எங்கள் ஓவனுக்குக் குழாய் இருக்கிறது. எங்கள் வீட்டு வாணலிக்குக் குழாய் கிடையாது. அது எங்கே போகும்?

"சார்," என்றேன் இன்னும் அணைக்காத போனில், "போனது எங்க போகும்?"

அவருக்கு உடனே புரியவில்லை. எதும்மா என்றார். வாணலியிலிருந்து போனது என்றேன். பிறகு ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"கிச்சன் ஜன்னல் திறந்துதானே இருக்கும்?"

எங்கள் சமையலறை ஒரு பொந்து. இரண்டு எட்டு வைத்தால் சுவர். ஒரே ஒரு ஜன்னல், கூடத்தை ஒட்டிய பால்கனிப் பக்கம் திறப்பது. அதைத் திறந்தாலும் கதவைத் திறந்தாலும் வாடை நேராகக் கூடத்துக்குத்தான் வரும். கூடத்தில் என் கோட்டு தொங்குகிறது. இனிமேல் உன் கோட்டுக்கு வாடை வராது என்று காலையில் அவர் சொன்னார். சொன்னால் செய்துவிடுவார்.

பொந்தின் இரண்டு வழியையும் அடைத்துவிட்டு உள்ளே நின்று வறுப்பார். வழி நெடுக நான் அவரை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. எத்தனையோ தடவை அவருக்குத்தான் போன் அடித்தேன், ஆனால் அவருக்காக அடிக்கவில்லை. போனை எடுக்காததை வீம்பு என்று நினைத்தேன். எடுக்க முடியாமல் இருப்பார் என்று நினைக்கவே இல்லை. ஆம்புலன்சுக்கு அடித்து விலாசம் சொன்னேன். என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். தெரியவில்லை, ஆகியிருக்கும், வாருங்கள் என்றேன். பாதி பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள், ஆனாலும் வருகிறோம் என்றார்கள்.

மாடிப்படியை எப்படி ஏறினேன் என்று தெரியாது. என்னிடம் இருந்த சாவியால் கதவைத் திறந்தேன். கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. என் மகள் தரையில் உட்கார்ந்து, மடியில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, கிழங்கை ஒவ்வொன்றாக எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். நன்றாக இருந்தாள். கூடத்தில் எண்ணெய் வாடையே இல்லை. என் கோட்டு வெள்ளை வெளேரென்று தொங்கிக்கொண்டிருந்தது. சமையலறைக் கதவு சாத்தியிருந்தது.

"அத்தையோட போன் அடிச்சுக்கிட்டே இருக்கும்மா," என்றாள். "இதைக் குடுத்துட்டு இன்னும் வறுக்கப் போனாங்க. கூப்பிட்டேன், வரல. கதவு திறக்கவே வரல."

கையில் இருந்த போனில் மறுபடி அவர் நம்பரை அழுத்தினேன். கதவுக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது. அவர் சமைக்கும்போது பாட்டுக் கேட்பதற்காக மாவு டப்பா மேல் போனைச் சாய்த்து வைப்பார். அந்தச் சத்தம் இத்தனை நேரமும் அங்கேயே அடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

மகளைத் தூக்கி, கிண்ணத்தோடு, வெளியே வராந்தாவில் விட்டேன். எதிர்வீட்டுக் கதவைக் கையால் அறைந்துவிட்டுத் திரும்பி ஓடி வந்தேன். சமையலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, ஆனாலும் தள்ளினால் வரவில்லை. கீழே ஏதோ தடுத்தது. தோளைக் கொடுத்து முட்டினேன். கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. கதவின் அடி இடுக்கில் ஒரு துண்டை ஈரமாக்கி, நான்காக மடித்து, ஒரு நூல் இடைவெளி இல்லாமல் அடைத்து வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது.

இடுக்கு வழியாக அந்த வாடை என் முகத்தில் அடித்தது. பொரித்த எண்ணெய்க்கு நடுவில் ஒரு தித்திப்பு. ஆய்வகத்தில் காற்றை வெளியே இழுக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள், கையுறை போட்டு, ஒரு சொட்டு எடுக்கும்போது எப்போதாவது மூக்கில் படுகிற தித்திப்பு. இங்கே அறை முழுக்க இருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

அடுப்பு சின்னதாக எரிந்துகொண்டிருந்தது. வாணலியில் எண்ணெய் கருத்துப் புகைந்தது. அண்ணி அலமாரியில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. கையில் ஜல்லிக்கரண்டியைப் பிடித்தபடியே இருந்தார். தலைசுற்றி, ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்துவிடலாம் என்று நினைத்திருப்பார். அடுப்பை அணைத்தேன். ஜன்னலைத் திறக்கக் கை போனது, கொக்கியில் துணி சுற்றி இறுக்கியிருந்தார், விட்டுவிட்டேன். அவர் கைகளுக்கு அடியில் கையைக் கொடுத்து இழுத்தேன். கனமான உடம்பு. பாதியில் எனக்கு மூச்சு முடிந்துபோய் ஒரு வாய் உள்ளே இழுத்துவிட்டேன், கண் இருட்டியது. விட்டுவிடுவேனோ என்று பயந்தேன். இதுவரை எனக்கு வந்த பயத்திலேயே பெரியது அதுதான். எப்படியோ கூடத்துக்குக் கொண்டுவந்து, எதிர்வீட்டு ஐயா காலைப் பிடிக்க, வராந்தாவில் போட்டோம். மூச்சு இருந்தது. இருக்கிறதா என்று மூக்கருகில் காதை வைத்துப் பார்க்க வேண்டிய அளவுக்குத்தான் இருந்தது.

என் மகள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அத்தையின் கன்னத்தைத் தட்டிப் பார்த்தாள். "அத்தை, கிழங்கு போதும்," என்றாள்.

ஆஸ்பத்திரியில் எதைச் சுவாசித்தார் என்று டாக்டர் கேட்டார். பெயரைச் சொன்னேன். எழுத்துக்கூட்டச் சொன்னார். சமையலறையில் அது எப்படி வந்தது என்று கேட்டபோது, மாட்டு ஏப்பத்திலிருந்து ஆரம்பித்துச் சொல்ல வேண்டியிருந்தது, அவர் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. நீங்கள் இழுத்துக்கொண்டு வந்ததால்தான் இந்த அளவிலாவது இருக்கிறார், இன்னும் கொஞ்ச நேரம் அதற்குள் இருந்திருந்தால் நாம் இப்படிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம் என்றார். மயக்கம் தெளிந்துவிடும். கல்லீரல் தாங்கிவிட்டதா என்பது இன்றைக்குத் தெரியாது, நாளைக்கும் தெரியாது, ரத்தம் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். மகளுக்கும் ரத்தம் எடுத்தார்கள், ஊரைக் கூட்டினாள், அவளுக்கு ஒன்றுமில்லை. மற்ற டின்கள் எல்லாம் திறக்காமலே திரும்பி வந்துவிட்டன என்று ஸ்டோர்காரர் சொன்னார். வந்த பொருளை மறுநாளே எடுத்துப் புழங்குகிற சுறுசுறுப்பு எங்கள் வீட்டில் மட்டும்தான்.

ஈயம் வந்து கட்டில் காலருகே நின்றார். அவர் கிண்ணத்தை ஓவனில் வைத்தார், நான் என் வாயால் கதவைச் சாத்த வைத்தேன். இரண்டில் எது பெரியது என்று அளக்க எங்களிடம் மெஷின் இல்லை. என் கணவர் லோடை வழியிலேயே விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், டின்னைத் தூக்கி வந்த தோளைத் தானே அடித்துக்கொண்டார். அவரைத் திட்டுவதற்கு நான் வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

பொழுது சாயும்போது அண்ணி கண்ணைத் திறந்தார். முதலில் தம்பியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. குழந்தையைக் கேட்கிறார் என்று புரிந்தது. நன்றாக இருக்கிறாள், சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறாள் என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். மறுபடி திறந்து, என்னை மட்டும் பார்த்தார். குனிந்து காதைக் கொடுத்தேன்.

"வாடை வெளிய வந்துச்சா?"

அவரைத் தூக்கி இழுத்த உடையோடுதான் நான் இன்னும் இருந்தேன். கோட்டு, கழுத்து, தலைமுடி எல்லாம் அந்த எண்ணெய்தான், அந்தத் தித்திப்புதான். பக்கத்துக் கட்டில்காரர்கூட நகர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"வரல அண்ணி," என்றேன். "கொஞ்சம்கூட வரல."

"சொன்னேன்ல," என்றார். அவர் கண் மறுபடி மூடியது. நான் அவர் மூக்கருகில் கையை வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.